ஹார்லிக்ஸ் பாட்டில் கீழ்த்தட்டுக்கு இறங்கிய கதை

கோவில்பட்டியில் அப்பா நடத்திய மளிகைக் கடையில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு இடம் மேல்தட்டு. பக்கத்தில் கிரைப் வாட்டர், ஓம வாட்டர், குளுக்கோஸ், பார்லி, ஜவ்வரிசி. 1970-களின் தொடக்கம் வரைக்கும் அது நோயாளிச் சரக்கு. டைபாய்டில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு, பிள்ளை பெற்ற மகளுக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சம்பந்தியைப் பார்க்கப் போகையில் ஆரஞ்சுப் பழத்தோடு சேர்த்து வாங்க என்றுதான் ஆட்கள் வருவார்கள். அப்பா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து, துணியால் தூசி துடைத்துக் கொடுப்பார். கடைக்கு வரும் சிறுபிள்ளைகள் கை நீட்டியதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துக் கண்ணாடி ஜாடிகளை நோக்கித்தான்: கடலை மிட்டாய், சீரக மிட்டாய், தேன் மிட்டாய். மேல்தட்டுப் பாட்டிலை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

1990-களில் அதே கடையில் அந்தப் பாட்டில்கள் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு இறங்கிவிட்டன. பிறகு ஷாம்பு சரத்தோடு சரமாக சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாய்த் தொங்கின. "அண்ணாச்சி, பூஸ்ட் ஒண்ணு" என்று பிள்ளைகளே காசை நீட்டினார்கள். அந்த இருபது வருடத்தில் பொடியின் சேர்மானம் பெரிதாக மாறிவிடவில்லை. பேச்சு மாறியது. யாரிடம் பேசுவது, எதைச் சொல்லிப் பேசுவது என்பது மாறியது. குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளராக அங்கன்வாடி அங்கன்வாடியாய் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் சத்துமாவு தோற்று, அந்தச் சரம் ஜெயித்ததைக் கிட்ட இருந்து பார்த்தவள். அதனால் இந்த வரலாற்றை எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாளாய் இருந்தது.

பொடியின் பிறப்பு நல்ல பிறப்புதான். ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் என்று இங்கிலாந்துக்காரச் சகோதரர்கள் இருவர். ஜேம்ஸ் மருந்தாளர். 1873-ல் அமெரிக்காவில் தொழில் தொடங்கி, பிறகு விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் நிலைகொண்டார்கள். முளைகட்டிய பார்லி, கோதுமை மாவு, பால் மூன்றையும் சேர்த்து உலர்த்திப் பொடியாக்கும் முறைக்கு 1883-ல் காப்புரிமை வாங்கினார்கள். கைக்குழந்தைக்கும் நோயாளிக்குமான உணவு அது. பால் கெட்டுப்போகும் காலம், குளிர்பெட்டி இல்லாத காலம். வெந்நீரில் கலக்கினால் போதும் என்பது அன்று பெரிய காரியம். தென்துருவத்துக்குப் போன பயணிகள்கூட எடுத்துப்போனார்கள். அண்டார்டிகாவில் ஒரு மலைத்தொடருக்கே ஹார்லிக் பேர் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் இது ஒருநாளும் வந்ததில்லை. தானியத்தை முளைகட்டும்போது அதற்குள் அமிலேஸ் என்கிற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தை உடைத்து இனிப்பாக்குகிறது. கஞ்சி கெட்டிப்படாமல் நீர்க்க நிற்கிறது. சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால் கொஞ்சம் மாவிலேயே களியாக இறுகிவிடும், குழந்தை விழுங்காது. முளைகட்டிய மாவு என்றால் கூடுதல் மாவு போட்டும் குழந்தை குடிக்கிற பதத்தில் இருக்கும். சின்ன வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகும். மால்ட் என்பதன் மொத்த ரகசியமும் இதுதான். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளைவிட்டதும் நிழலில் காயவைத்து வறுத்துத் திரித்து, சலித்துக் கூழ் காய்ச்சிய எங்கள் ஆச்சி செய்ததும் அதேதான். காப்புரிமைதான் இல்லை.

நோயாளிகளை மட்டும் நம்பிப் பெரிய தொழிற்சாலை ஓடாது. உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்களுக்கும் ஒரு குறை வேண்டும். 1930-களில் பிரிட்டனில் ஜே. வால்டர் தாம்சன் என்கிற விளம்பர நிறுவனம் அந்தக் குறையை உண்டாக்கித் தந்தது. ராத்திரி தூக்கத்தில் உடம்பு பட்டினி கிடக்கிறதாம். அதனால்தான் காலையில் சோர்வாம். 'இரவுப் பட்டினி' என்று அதற்குப் பேர் வைத்தார்கள். மருத்துவ நூல்களில் இல்லாத நோய். பத்திரிகைகளில் படக்கதை போலக் கட்டம் கட்டமாக வந்தது: சோர்ந்த மனிதன், வேலை போகிற பயம், மருத்துவர் சொல்லும் யோசனை, ஒரு குவளை ஹார்லிக்ஸ், பதவி உயர்வு. முதலில் இல்லாத குறையைச் சொல்லு, பிறகு டப்பாவை நீட்டு என்கிற வழி அங்கேதான் செப்பனிடப்பட்டது. நம் ஊருக்கு அது வந்து சேர இன்னும் பல வருடம் இருந்தது.

அதே நேரத்தில் இன்னொரு பொடி இன்னொரு வாசலைத் திறந்தது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஓவல்டின் 1931-லிருந்து 1940 வரை அமெரிக்க வானொலியில் 'லிட்டில் ஆர்ஃபன் ஆனி' என்ற தொடர் நாடகத்துக்குப் பணம் கொடுத்தது. அனாதைச் சிறுமி ஆனியின் சாகசங்களைக் கேட்கப் பிள்ளைகள் சாயங்காலமானால் வானொலிப் பெட்டியடியில் உட்கார்ந்துவிடுவார்கள். ரகசியச் சங்கம் ஒன்று இருந்தது. அதில் சேர ஓவல்டின் டின்னின் உள்மூடியை அனுப்ப வேண்டும். பதிலுக்கு ஒரு பேட்ஜ் வரும். நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் எண்களாக வாசிப்பார். பேட்ஜைத் திருப்பித் திருப்பி எண்ணை எழுத்தாக மாற்றினால் நாளைய கதையின் குறிப்பு கிடைக்கும். பேட்ஜ் இல்லாத பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பிரிட்டனிலும் இதேபோல 'ஓவல்டினி' சங்கம். லக்ஸம்பர்க் வானொலி வழியாக 1939 வாக்கில் ஐம்பது லட்சம் பிள்ளைகள் அதில் இருந்தார்கள்.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ருசி, சத்து, விலை எதுவும் பேசப்படவில்லை. உன் கூட்டாளிகளுக்குத் தெரிந்த ஒரு ரகசியம் உனக்குத் தெரியாமல் போய்விடும் என்பது மட்டும்தான் பேச்சு. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளால், எதிரே பேசுகிறவர் தன்னிடம் எதையோ விற்கப் பார்க்கிறார் என்று பிரித்தறிய முடியாது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஒரு சோதனையில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே உணவை இரண்டு பொட்டலத்தில் கொடுத்தார்கள். ஒன்று வெற்றுக் காகிதம், மற்றது மெக்டொனால்ட்ஸ் உறை. பேர் போட்ட உறையில் இருந்ததுதான் ருசி என்று பெரும்பாலான பிள்ளைகள் சொன்னார்கள். கேரட் துண்டுக்கும் அப்படியே சொன்னார்கள், அந்தக் கேரட் அந்தக் கடைச் சரக்கே இல்லை என்றாலும். ருசி நாக்கில் இருக்கிறது என்று நினைக்கிற பெற்றோர் இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு ஹார்லிக்ஸ் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களோடு வந்தது என்பார்கள். ஊரூராய்ப் பரவியது பிறகுதான். 1958-ல் பஞ்சாபின் நாபாவில் நிறுவனம் ஏற்பட்டு, 1960-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. பிறகு ஆந்திரத்தில் ராஜமுந்திரியிலும் ஆலை வந்தது. போர்ன்விட்டாவைக் கொண்டுவந்த கேட்பரி 1948-லேயே இங்கே கடை திறந்திருந்தது. விற்பனை அதிகம் நடந்தது பால் பெருகிய பஞ்சாபிலோ குஜராத்திலோ இல்லை; தெற்கிலும் கிழக்கிலும். காரணம் சுலபம். நம் பக்கம் பால் குறைவு. தண்ணீர் விட்டு நீர்த்த பாலுக்கு நிறமும் மணமும் கெட்டியும் கொடுக்க ஒரு பொடி வேண்டியிருந்தது. என் அம்மா அரைத் தம்ளர் பாலை மூன்று பேருக்குப் பங்கிட்டபோது அதில் விழுந்த ஒரு கரண்டிப் பொடிக்கு ஒரு நியாயம் இருந்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

விளம்பரம் இன்னும் பெரியவர்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தது. 1967-ல் விவித் பாரதியில் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. எங்கள் பக்கம் இலங்கை வானொலிதான் தெளிவாக எடுக்கும். பாட்டுக்கு நடுவே வரும் விளம்பரங்களை நாங்கள் பாட்டைப் போலவே மனப்பாடம் செய்தோம். 1972-ல் போர்ன்விட்டா பேரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான வினாடி வினா தொடங்கி, வானொலியில் வந்து, 90-களில் தொலைக்காட்சிக்கும் போனது. படிப்பில் கெட்டி, பொது அறிவில் கெட்டி, அதற்கு ஒரு பொடி என்று ஒரு முடிச்சு அதில் விழுந்தது. பரீட்சை நம் நடுத்தரக் குடும்பங்களின் பெரிய பயம். அந்தப் பயத்தின் மேல் டப்பாவை வைத்தது கெட்டிக்கார வேலை.

தொலைக்காட்சி வந்த பிறகு பேச்சு நேரே பிள்ளையிடம் போயிற்று. சென்னையில் 1975-ல் தூர்தர்ஷன் தொடங்கினாலும், எங்கள் ஊருக்குக் கொடைக்கானல் நிலையம் வந்த பிறகு, 80-களின் பிற்பகுதியில்தான் படம் ஒழுங்காகத் தெரிந்தது. ஹார்லிக்ஸைப் பாலில் கலக்காமல் பொடியாகவே அள்ளித் தின்னும் பிள்ளை திரையில் வந்தது. அதுவரை எங்கள் வீடுகளில் அது திருட்டு. அம்மா அந்தப் பக்கம் போனதும் ஒரு கரண்டி வாயில் போட்டு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை நாக்கால் சுரண்டி எடுப்போம். திரையில் அது சிரித்துக்கொண்டே செய்கிற காரியமாகிவிட்டது. நோயாளிச் சரக்கு என்கிற வாசனை அந்த ஒரு விளம்பரத்தோடு போயே போய்விட்டது என்று நினைக்கிறேன்.

பூஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. 1970-களில் இந்தியாவிலேயே உருவான சாக்லேட் மால்ட் அது; தென்னாட்டில்தான் வேர் பிடித்தது. 1983-ல் உலகக் கோப்பை வாங்கிய கபில்தேவ் அந்தப் பத்தாண்டுக்குள் அதன் முகமானார். பின்னால் பையன் முகம் மாறாத சச்சின் வந்தார். பூஸ்ட் இஸ் தி சீக்ரெட் ஆஃப் மை எனர்ஜி என்று, ஆங்கிலத்தில் வேறொரு வாக்கியம் சொல்லத் தெரியாத பிள்ளைகளும் எங்கள் தெருவில் சொன்னார்கள். தீப்பெட்டி ஆலைக்குக் குச்சி அடுக்கப் போன பிள்ளைகளும் சொன்னார்கள். ஒரு பெரிய ஆட்டக்காரரின் பலம் பயிற்சியிலும், நல்ல சாப்பாட்டிலும், பிறவித் திறனிலும் இருக்கிறது. அது ஒரு டப்பாவுக்குள் அடங்கிய ரகசியம் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம், அவன் தெய்வமாக நினைக்கிற மனிதரின் வாயாலேயே சொல்லவைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காம்ப்ளான் உயரத்தைப் பிடித்தது. கம்பியில் தொங்கும் பிள்ளை, சுவரில் கோடு போட்டு அளக்கும் தாய், பக்கத்துப் பிள்ளையைவிட ஒரு விரற்கடை குறைந்தால் முகம் வாடுவது. ஹார்லிக்ஸும் உயரம், பலம், கூர்மை மூன்றையும் சேர்த்துச் சொன்னது. இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று விளம்பரத்தில் இடித்துக்கொண்டு 2008-ல் நீதிமன்றம் வரை போயின. அதே வருடம் அந்த உயரம், பலம், கூர்மை விளம்பரம் பிரிட்டனில் ஒரு நேபாளத் தொலைக்காட்சி வழியாக ஒளிபரப்பாகிவிட்டது; வங்கதேசத்துக்கென்று எடுத்த படம். அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஆதாரம் கேட்டது, போதாது என்றது, தடை செய்தது. நம் வீட்டுக் கூடங்களில் நாள் முழுக்க ஓடிய பேச்சு அந்த ஊரில் ஒருமுறை ஓடியதற்கே நிறுத்தப்பட்டது.

உயரம் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது என் வேலை சொல்லித்தந்தது. பிள்ளைகளைத் தராசுத் தொட்டிலில் போட்டு எடை பார்ப்போம், நீளம் அளப்போம், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்போம். ஒரு பிள்ளை குட்டையாகப் போவது பெரும்பாலும் தாயின் வயிற்றில் தொடங்கி முதல் இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. தாயின் ரத்தசோகை, தாய்ப்பால், ஆறாம் மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் இணை உணவு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, குடிக்கிற தண்ணீர் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. விளம்பரத்தில் கம்பியில் தொங்கும் பிள்ளைக்கோ எட்டு, பத்து வயது. அவனுடைய உயரத்தில் பெரும்பகுதி எப்போதோ முடிவாகிவிட்டது. "பக்கத்து வீட்டுப் பிள்ளையவிட எம்பிள்ள குட்டையா இருக்கானே மேடம்" என்று என்னிடம் வந்த தாய்மார்களின் அட்டையை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் புள்ளி பச்சைப் பட்டையில்தான் இருக்கும். அந்தக் கவலையை அவர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது பிள்ளையின் உடம்பு இல்லை.

எங்கள் கையில் இருந்தது சத்துமாவு. 1975-ல் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் அரைத்துப் பாக்கெட் போடுகிற மாவு. கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம், கூடவே வைட்டமின், தாது உப்பு. முளைகட்டிய கேழ்வரகு என்பதைக் கவனியுங்கள். ஹார்லிக் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய அதே வித்தை அரசாங்கப் பாக்கெட்டுக்குள் இலவசமாக இருந்தது. உருண்டை பிடித்துக் கொடுத்தால் பிள்ளை தின்னும், கஞ்சி காய்ச்சினால் குடிக்கும். ஆனால் அந்தப் பாக்கெட்டில் கிரிக்கெட் வீரர் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை அதைத் தள்ளிவிட்டு, கடைச் சரத்தைக் காட்டி அழுததை எத்தனையோ வீட்டுத் திண்ணையில் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்குட்டிக்கு அந்த மாவைக் கரைத்து ஊற்றிய வீடுகளும் உண்டு. அன்றன்றைக்குக் கூலி வாங்கும் தாய் அஞ்சு ரூபாய் சாஷே வாங்கி, பாலுக்கு வழியில்லாமல் வெந்நீரில் கலக்கிக் கொடுப்பாள். ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம். மால்ட் பொடி இரண்டு கரண்டியில் அதில் பாதிகூட வராது. பால் இல்லாமல் பொடி மட்டும் போகிற பிள்ளைக்குக் கிடைப்பது இனிப்பு வெந்நீர். அந்தத் தாயைக் கோபித்து என்ன பயன்? அவள் தன் பிள்ளைக்குச் செய்ய முடிந்த பெரிய செலவை அன்றைக்குச் செய்திருக்கிறாள்.

கேள்வி கேட்கச் சட்டமும் மெல்ல எழுந்தது. 2020-ல் வந்த விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், அதன் ஐம்பது மீட்டர் சுற்றளவிலும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்றன. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொடுத்த வழிகாட்டுதலில் ஒரு வரையறை இருக்கிறது: குழந்தைகள் சாப்பிட்டுவருகிற இயற்கை உணவையோ மரபு உணவையோவிடத் தன் சரக்கு மேல் என்ற எண்ணத்தை எந்த விளம்பரமும் ஏற்படுத்தக் கூடாது. அதைப் படித்தபோது, ஐம்பது வருடத்து விளம்பரங்களை வரிசையாக அடுக்கி இந்த ஒரு வரியால் அளந்தால் எத்தனை தேறும் என்று எண்ணிப் பார்த்தேன்.

2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்கிற இளைஞர் போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரை பற்றி ஒரு சிறு காணொளி போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, அவர் அதை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் நாடு பார்த்துவிட்டது. குழந்தைகள் உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. அந்த வருடக் கடைசியில் நூறு கிராமுக்கு 37 கிராம் அளவில் இருந்த சேர்க்கைச் சர்க்கரை 32-க்கு இறங்கியது. 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் வணிக அமைச்சகமும், இணையக் கடைகள் இந்த வகைப் பொடிகளை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையில் வைக்கக் கூடாது என்றன. அப்படி ஒரு வகை சட்டத்தில் எங்குமே வரையறுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ஹார்லிக்ஸை வாங்கியிருந்த நிறுவனமும் தன் சரக்கின் வகைப் பெயரிலிருந்து ஆரோக்கியம் என்பதை எடுத்துவிட்டது. 'இரவுப் பட்டினி'யைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் தொண்ணூறு வருடம்.

இப்போது பாக்கெட்டின் முகப்பில் என்ன போடுவது என்கிற விவாதம் நடக்கிறது. சிலி நாடு 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அளவு மீறிய பாக்கெட்டில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறது; அந்த முத்திரை உள்ள சரக்கில் பிள்ளைகளை இழுக்கும் பொம்மைப் படங்களுக்கும் அங்கே தடை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் முன்வைத்த வரைவு நட்சத்திரம் போடச் சொன்னது: நல்ல சரக்குக்கு ஐந்து, மோசமானதற்கு அரை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மூன்று மாதத்தில் முடிவு செய்யச் சொல்லி நிபுணர் குழுவுக்குக் கெடு வைத்தது.

நான் கறுப்பு முத்திரையின் பக்கம். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்கும் அது விளங்கும். நட்சத்திரம் அப்படி இல்லை. எங்கள் அங்கன்வாடிகளில் ஒழுங்காக 'அ' எழுதிய பிள்ளையின் கையில் டீச்சர் பேனாவால் போடுவது நட்சத்திரம். பிள்ளை அதை அழியாமல் வீடுவரை கொண்டுபோய்க் காட்டும். ஒன்று கிடைத்தாலும் அதற்குப் பெருமைதான். அரை நட்சத்திரம் போட்ட பாக்கெட்டைக் கடைச் சரத்தில் பார்க்கிற நான்கு வயதுப் பிள்ளைக்கு அது எச்சரிக்கை என்று யார் சொல்லிப் புரியவைப்பது?